பிழைக் காசு: அறிவதும் மதிப்பதும்



ஊரில் சில்லறைக் காசு அதிகமாகப் புரளும் இடங்களைச் சொல்லச் சொன்னால் கோயில் உண்டியல், பஸ் கண்டக்டர் பை, அடுத்தபடியாக மளிகைக் கடைக் கல்லா என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே நாணயச்சாலையில் தவறாக அடிபட்டு, கண்காணிப்புக்குத் தப்பி வெளிவந்த காசு ஒன்று நம் கைக்கு வருவது நடக்கக்கூடியதே. அதே காரணத்தால்தான் "உங்கள் கல்லாவில் கிடக்கும் ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம் தருகிறோம்" என்று ஆசை காட்டுபவர்களும் நம்மைக் குறிவைக்கிறார்கள். சில ஆண்டுகளாக உறுப்பினர்கள் பலர் இந்த இரண்டைப் பற்றியும் நம்மிடம் கேட்டு வருகின்றனர். அவர்களுக்காகவே இந்தப் பாடம்.

சரக்கைப் பார்த்துத் தரம் சொல்வது நமக்குப் புதிதல்ல. மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் ஒரு பிடி அள்ளியதுமே தெரிந்துவிடுகிறது. துவரம்பருப்பு புதிதா பழையதா என்று விரலால் நெருடியே சொல்லிவிடுகிறோம். காசையும் அதே கண்ணோடு பார்க்கப் பழகலாம். அதற்கு ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். காசில் ஏதோ மாறுதல் தெரிந்தவுடன் "இதற்கு என்ன விலை?" என்று கேட்கக் கூடாது. "இது எங்கே நேர்ந்தது?" என்று கேட்க வேண்டும். நாணயச்சாலைக்குள் நேர்ந்திருந்தால் அது பிழை. அதற்குக் கேட்பார் உண்டு. நாணயச்சாலையின் வாசலைத் தாண்டிய பிறகு நேர்ந்திருந்தால் அது வெறும் சேதம். முகமதிப்புக்கு மேல் ஒரு பைசா கிடைக்காது.

காசு பிறக்கும் விதம்

எங்கே நேர்ந்தது என்று சொல்ல, காசு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் அரசு நாணயச்சாலைகள் உள்ளன. இவற்றில் நொய்டா இளையது, 1988-ல் தொடங்கியது. ஒரு காலத்தில் சென்னையிலும் நாணயச்சாலை இருந்தது. நம் வணிகர்கள் நாள்தோறும் நடமாடும் தங்கசாலைத் தெருவுக்கு அதனால்தான் அந்தப் பெயர்.

வீட்டில் பூரிக்கு மாவைப் பெரிதாகத் தேய்த்து, டப்பா மூடியால் வட்ட வட்டமாக வெட்டி எடுப்பதைப் பார்த்திருப்போம். காசும் அப்படித்தான் தொடங்குகிறது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை இயந்திரம் வெட்டி எடுக்கிறது. அந்த வில்லைகளைச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். பிறகு ஓரத்தைச் சற்று உயர்த்தி விளிம்பு கட்டுகிறார்கள். கடைசியாக மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம் என்று மூன்றுக்கும் நடுவில் வில்லையை வைத்து ஒரே அடி. தலையும் பூவும் ஒரே நேரத்தில் விழுகின்றன. சுற்று வளையம் உலோகம் வெளியே பிதுங்காமல் பிடித்துக்கொள்கிறது.

வில்லை, அச்சு, அடி. இந்த மூன்றில் எதில் தவறு நேர்ந்தாலும் காசில் பிழை விழும். ஆகவே பிழைகளும் மூன்று வகை.

ஒன்று: வில்லைப் பிழை

பூரி வெட்டும்போது மூடியைச் சற்றுத் தள்ளி வைக்காமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வைத்துவிட்டால் என்ன ஆகும்? பூரி பிறை போலக் கடிபட்டு வரும். காசிலும் அதே கதைதான். ஓரத்தில் பிறை வடிவில் துண்டு இல்லாமல் வரும் காசு இந்த வகை. இதை அரத்தால் தேய்த்தும் செய்துவிடலாம் என்பதால் எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான வெட்டில், கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் மழுங்கலாக இருக்கும். விளிம்பு கட்டும்போது ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் குறைந்துவிடுவதே காரணம். மேலும் வெட்டின் அருகில் உள்ள எழுத்துகள் வெட்டை நோக்கிச் சற்று இழுபட்டு மங்கியிருக்கும். எழுத்துகள் பளிச்சென்று நின்று, பாதியில் கத்தரித்தது போல முடிந்தால் அது பின்னால் செய்த வேலை.

எந்த அடியும் விழாமல் மொட்டையாக வந்த வில்லை, தகட்டிலேயே கசடு இருந்து மேல்தோல் உரிந்த காசு, ஒரு மதிப்புக்கு உரிய வில்லையில் வேறொரு மதிப்பின் அச்சு விழுந்த காசு ஆகியவையும் இந்த வகைதான். கடைசியாகச் சொன்னது அரிது. சேகரிப்போர் மிகவும் விரும்புவது.

இரண்டு: அச்சுப் பிழை

அச்சு என்பது எஃகு. லட்சக்கணக்கான அடி வாங்கும்போது அதுவும் வெடிக்கும், ஓரம் உடையும். வெடித்த அச்சின் பிளவுக்குள் உலோகம் புகுந்து, காசின் மேல் மெல்லிய மேட்டுக்கோடாக நிற்கும். அச்சின் ஓரம் உடைந்துபோனால் அந்த இடத்தில் காசில் எழுத்து எதுவும் இல்லாமல் ஒரு கட்டி நிற்கும். இதில் மறக்கக் கூடாத சூத்திரம் ஒன்று உண்டு. அச்சு கீறினால் காசில் மேடு. காசு கீறினால் காசில் பள்ளம். நகத்தால் தடவிப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அடைத்துக்கொண்டால் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ விழாமல் போகும். இது அடிக்கடி நடப்பது. மேல் அச்சும் கீழ் அச்சும் ஒன்றுக்கொன்று திரும்பிப் போவதும் உண்டு. நம் நாட்டு ரூபாய்க் காசைத் தலை நேராக இருக்கும்படி இரு விரலில் பக்கவாட்டில் பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவது போலத் திருப்பினால் பூவும் நேராகவே வர வேண்டும். சாய்ந்து வந்தால் அச்சு திரும்பியிருக்கிறது. சிறு சாய்வு மிகச் சாதாரணம். கால்வட்டம், அரைவட்டம் திரும்பியிருந்தால் எடுத்து வைக்கலாம்.

மூன்று: அடிப்புப் பிழை

பார்த்தவுடன் கண்ணில் படுவது இந்த வகைதான். வில்லை சரியாக நடுவில் உட்காராமல் அடி விழுந்தால், சித்திரம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் பிறை போல வெறுமையாக இருக்கும். சுற்று வளையம் இல்லாமல் அடி விழுந்தால் உலோகம் பரவி, காசு வழக்கத்தைவிட அகன்றும் மெலிந்தும் இருக்கும். அடித்த காசு வெளியே போகாமல் இன்னொரு அடி வாங்கினால் சித்திரம் இரண்டாகத் தெரியும்.

இவற்றுள் சுவையானது ஒன்று உண்டு. அடிபட்ட காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லை அதன் மேல் வந்து அடிபடும். அப்போது இரண்டாவது காசின் ஒரு பக்கம் சரியாக இருக்கும். மறுபக்கத்தில் அதே சித்திரம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருக்கும். ஒரு பக்கம் சிங்கத்தலை மேடாகவும் மறுபக்கம் அதே சிங்கத்தலை குழியாகவும் உள்ள காசு கிடைத்தால் பத்திரமாக வைக்கவும்.

பிழை போலத் தெரியும், பிழை அல்ல

உறுப்பினர்கள் நம்மிடம் கொண்டுவந்து காட்டிய காசுகளில் பெரும்பாலானவை இந்தத் தலைப்பில்தான் அடங்கும்.

ஆண்டு எண்ணின் கீழே தெரியும் சிறு குறி பிழை அல்ல. அது நாணயச்சாலையின் முத்திரை. வைரம் போன்ற சாய்சதுரம் என்றால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. சில ஆண்டுகளில் வெளிநாட்டு நாணயச்சாலைகளிலும் நம் காசு அடிக்கப்பட்டது. 1985-ம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆண்டின் கீழே ஆங்கில எச் எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தில் பர்மிங்காம் ஹீட்டன் ஆலையில் அடித்தது என்று பொருள்.

அளவும் எடையும் மாறுவது பிழை அல்ல. அரசே பல முறை மாற்றியிருக்கிறது. பழைய ஐந்து ரூபாய் கனத்த வெள்ளை உலோகம், 9 கிராம். 2009 முதல் வந்த பொன்னிறக் காசு 6 கிராம். 2011-ல் வந்த புதிய வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், 22 மில்லிமீட்டர். இது 1988 முதல் வந்த எஃகு ஐம்பது பைசாவின் அதே அளவு. அந்த வரிசையின் இரண்டு ரூபாயோ 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். 1992-ல் வந்த ஒரு ரூபாயின் அதே அளவு. மாலை நேரக் கூட்டத்தில் நாம் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் கொடுத்துவிடுவதற்கு இதுதான் காரணம். இதில் நாணயச்சாலையின் தவறு ஒன்றும் இல்லை.

பத்து ரூபாய்க் காசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரூபாய்க் குறி இல்லாத காசில் 15 கோடுகளும், 2011 முதல் ரூபாய்க் குறியோடு வந்த காசில் 10 கோடுகளும் இருப்பதைப் பார்த்து, "ஒன்று நல்லது, மற்றது கள்ளக் காசு" என்று ஒரு வதந்தி பரவியது. தமிழ்நாட்டில் பல கடைகளில் பத்து ரூபாய்க் காசையே வாங்க மறுத்தார்கள். அரிசி வாங்க வந்த ஏழை எளியவர்கள் கையில் காசு இருந்தும் திரும்பிப் போனார்கள். 2018 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி, அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய்க் காசு வெளியாகியுள்ளது என்றும் எல்லாமே செல்லும் என்றும் அறிவித்தது. வடிவ வேறுபாட்டைப் பிழை என்றோ போலி என்றோ எண்ணுவதால் வரும் நட்டம், சேகரிப்போரைவிட நம் வாடிக்கையாளர்களையே அதிகம் பாதிக்கிறது.

நினைவு நாணயங்களும் பிழை அல்ல. தலைவர் படமோ கோயில் படமோ இருப்பதால் மட்டும் ஒரு காசு அரிதாகிவிடாது.

கைவேலைகள்

பிழைக் காசுக்குக் கேட்பார் இருக்கிறார்கள் என்றதும் பிழையைச் செய்கிறவர்களும் தோன்றிவிட்டார்கள். அடிக்கடி வரும் வேலைகள் இவை.

இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் வைத்து இறுக்கினால் ஒன்றின் சித்திரம் மற்றதில் பள்ளமாகப் பதியும். மேலே சொன்ன கண்ணாடிப் பதிவு போலவே தோன்றும். ஆனால் இதில் பழைய சித்திரமும் நசுங்கி அடியில் தெரியும். மறுபக்கமும் தட்டையாகியிருக்கும். உண்மையான காசில் மறுபக்கம் கூர்மையாக, முழுமையாக இருக்கும்.

இருபுறமும் தலை உள்ள காசு 1975-ல் வந்த ஷோலே படத்துக்குப் பிறகு ஊரெல்லாம் பேச்சானது. இப்படி விற்க வரும் காசு பெரும்பாலும் இரண்டு காசுகளைக் கடைந்து ஒட்டியதே. விளிம்பின் உட்புறம் மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். கல்லில் தட்டினால் நல்ல காசு போல ஒலிக்காமல் மொத்தென்று ஒலிக்கும். அக்காலத்துக் கடைகளில் வெள்ளி ரூபாயைச் சுண்டிப் பார்த்து வாங்கியது இதற்காகத்தான்.

அமிலத்தில் ஊறவைத்த காசு மெலிந்து, எழுத்தெல்லாம் சமமாக மங்கி, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். முலாம் பூசிய காசின் தேய்ந்த மேடுகளில் உள்நிறம் எட்டிப்பார்க்கும். எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் பூதக்கண்ணாடியில் கோடுகோடாகத் தடம் தெரியும். பிசுக்கு அடைத்து விழாமல் போன எழுத்தின் இடம் சுற்றுப்புறம் போலவே வழவழப்பாக இருக்கும். பத்து ரூபாயின் நடுவட்டத்தைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்தியிருந்தால் இணைப்பில் தட்டிய காயம் இருக்கும்.

கடையிலேயே செய்யும் சோதனை

வேண்டியவை நான்கு: பூதக்கண்ணாடி, காந்தம், அளவுகோல், நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசு. நம் கடைத் தராசு இதற்கு உதவாது. பக்கத்து நகைக்கடை அன்பரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் நிறுத்துத் தருவார்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். இரண்டு ரூபாய்க் காசு ஒன்று வட்டமாக, சிறியதாக, காந்தத்தில் ஒட்டுவதாக இருக்கிறது. தராசில் 4.85 கிராம். இது பிழையா?

முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும். 2011-ம் ஆண்டுக்குப் பிற்பட்ட வரிசை என்றால் அதன் எடையே 4.85 கிராம்தான், எஃகுதான், கல்லாவில் போட்டுவிடலாம். 1992 முதல் 2004 வரையிலான, நாட்டுப் படம் போட்ட வரிசை என்றால் கதை வேறு. அந்தக் காசு செம்பும் நிக்கலும் கலந்தது, காந்தத்தில் ஒட்டாது, 6 கிராம் எடை, 26 மில்லிமீட்டர், பதினொரு முகம் கொண்டது. அந்தச் சித்திரம் 4.85 கிராம் எஃகின் மேல் விழுந்திருந்தால், ஒரு ரூபாய்க்கு உரிய வில்லை தவறிப் போய் இரண்டு ரூபாய் அச்சில் அடிபட்டிருக்கலாம். உடனே எடுத்துத் தனியே வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது சோதனையின் வரிசை. ஆண்டு, பிறகு காந்தம், பிறகு அளவு, பிறகு எடை, கடைசியில் பூதக்கண்ணாடி. ஆண்டைப் பாராமல் எடையைப் பார்த்தவர்கள்தான் சாதாரணக் காசைப் புதையல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தேய்ந்த காசு சற்று எடை குறைவது இயல்பு என்பதையும் மறக்கக் கூடாது.

மதிப்பது எப்படி?

விலையை முடிவு செய்பவை ஐந்து: பிழையின் வகை, பிழையின் அளவு, ஆண்டும் முத்திரையும் தெரிகின்றனவா என்பது, தேய்மானம், கேட்பார் இருக்கிறார்களா என்பது.

கடைசிப் படியில் இருப்பவை சிறு அச்சு வெடிப்பு, ஓர் எழுத்து மங்கியது, சிறிது திரும்பிய முகம் போன்றவை. இவை ஏராளம். முகமதிப்புக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நடுப்படியில் பிறை வெட்டு, வளையமின்றிப் பரந்த காசு, நன்றாக ஒதுங்கிய அடி ஆகியவை. மேல்படியில் முழுமையான கண்ணாடிப் பதிவு, தெளிவாக விலகி விழுந்த இரட்டை அடி, மாறிய வில்லை, இணையக் கூடாத இரண்டு அச்சுகள் இணைந்த காசு.

ஒரே வகைக்குள்ளும் வேறுபாடு உண்டு. சித்திரம் நூலளவு ஒதுங்கிய காசை யாரும் கேட்க மாட்டார்கள். பாதி ஒதுங்கியும் ஆண்டு தெளிவாகத் தெரிந்தால் விருப்பம் கூடும். ஆண்டே விழாமல் போனால் விருப்பம் குறையும். புழங்கித் தேய்ந்ததைவிட, வங்கிப் பையிலிருந்து அன்றே எடுத்த காசுக்கு மதிப்பு அதிகம். ஆகவே புதுச் சில்லறைப் பை பிரிக்கும்போதுதான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

எத்தனை காசு வெளிவந்தது என்பதும் விலையில் பேசும். இதற்கு இரண்டு வரலாறு சொல்லலாம்.

1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் வெளிவந்தது. மன்னர் அணிந்திருந்த பதக்க மாலையில் ஒரு யானை. அச்சில் அது பன்றி போலத் தெரிகிறது என்று மக்கள் முணுமுணுத்தார்கள். சமய உணர்வு புண்படும் என்று கண்ட அரசு அந்தக் காசை நிறுத்தியது. அடித்தது சுமார் 94 லட்சம், அதற்குள் வெளியே போனது சுமார் 7 லட்சம், மீதியை உருக்கிவிட்டார்கள். 1912 முதல் யானையைத் திருத்தினார்கள். இது அடிப்பின் பிழை அல்ல, சித்திரத்தின் பிழை. ஆனாலும் ‘பன்றி ரூபாய்’ என்ற பெயரில் இன்றும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். வீட்டுப் பெட்டியில் 1911-ம் ஆண்டு ரூபாய் இருந்தால், மற்ற ஜார்ஜ் ரூபாய்களோடு சேர்த்து வெள்ளி எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது இங்கிலாந்தில் நடந்தது. 2008-ல் அங்கே காசுகளின் சித்திரத்தை மாற்றினார்கள். இருபது பென்ஸ் காசில் அதுவரை பூப்பக்கம் இருந்த ஆண்டு எண்ணைத் தலைப்பக்கம் கொண்டுபோனார்கள். ஆலையில் பழைய தலை அச்சையும் புதிய பூ அச்சையும் இணைத்துவிட்டதால், இரண்டு பக்கமும் ஆண்டே இல்லாத காசு வெளிவந்தது. ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2009-ல் செய்தி பரவியதும் ஒரு தனியார் நிறுவனம் காசு ஒன்றுக்கு 50 பவுன் தருவதாக அறிவித்தது. ஏலத்தில் ஆயிரக்கணக்கில் விலை சொன்னவர்களும் இருந்தார்கள்.

இதில் நமக்குப் பாடம் உண்டு. உலகறிந்த பிழைக்கு, பெரிய நாட்டில், செய்தி சூடாக இருந்தபோது, பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர் சொன்ன விலை 50 பவுன். சொல்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. மண்டியில் மிளகாய்க்கு விலை கூறுபவர் எத்தனையும் கூறலாம். சீட்டில் எழுதி மூட்டை நகர்ந்தால்தான் அது விலை. நாணய வியாபாரியும் நம்மைப் போலத் தன் லாபம் வைத்துத்தான் வாங்குவார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆசை காட்டி மோசம்

நம்மிடம் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரர் ஒருவர். வாரா வாரம் பாக்கி தீர்ப்பவர். 2022-ல் ஒரு வாரம் தவணை கேட்டார். விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. 2012-ல் வெளியான வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய்க் காசு அவர் கல்லாவில் இருந்தது. அதற்கு மூன்று லட்சம் என்று கைபேசியில் விளம்பரம் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறார். மறுமுனையில் பேசியவர் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, முத்திரை வைத்த காகிதம் ஒன்றும் அனுப்பினாராம். பதிவுக் கட்டணம் 750 ரூபாய். அடுத்த நாள் வரி என்று 4,200. அதற்கடுத்து, பணம் கொண்டுவரும் வாகனத்துக்குக் காப்பீடு என்று 9,800. ஆக மொத்தம் 14,750 ரூபாய். அந்த வாரக் கொள்முதல் பணம் அது. அதன் பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை.

அவர் விவரமில்லாதவர் அல்ல. இருபது ஆண்டு கடை நடத்தியவர். யாராவது முன்பணம் வாங்கிக்கொண்டு சர்க்கரை தருகிறேன் என்றால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார். காசு விஷயம் பழக்கமில்லாதது என்பதால் கேட்கத் தோன்றவில்லை. அவர் வைத்திருந்த அதே காசு நம் கல்லாவிலும் இருந்தது. எடுத்துக் காட்டினோம். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காக யாரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும், தன் சார்பில் கேட்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்றும் அது தெளிவாகக் கூறியது. பொருளை விற்பவர் பணம் வாங்குவார், கொடுக்க மாட்டார். விற்பவரிடமே பணம் கேட்டால் அது வியாபாரம் அல்ல. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

ஐயமும் விளக்கமும்

காசைத் துலக்கி வைக்கலாமா?

கூடாது. புளி, சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். துலக்கிய காசின் இயற்கை மேற்பரப்பு போய்விடும்; பாதி மதிப்பும் உடன் போகும். விளிம்பைப் பிடித்து எடுத்து, சிறு காகித உறையில் தனியே போட்டு, கிடைத்த தேதியை உறையின் மேல் எழுதி வைக்கவும்.

எங்கே காட்டுவது?

பெரிய நகரங்களில் நாணயம் சேகரிப்போர் சங்கங்கள் உள்ளன. அவ்வப்போது கண்காட்சி நடத்துகிறார்கள். நேரில் சென்று இரண்டு மூன்று பேரிடம் காட்டி விலை கேட்கவும். பார்க்கும்போது காசு நம் கண்ணெதிரே இருக்கட்டும். காசும் பணமும் ஒரே மேசையில் கை மாறட்டும்.

பயன்படாத காசை உருக்கி உலோகமாக விற்கலாமா?

2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

வாடிக்கையாளரோ கடைப் பையனோ இப்படி ஒரு காசை நம்மிடம் கொண்டுவந்தால்?

சிலர் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி இது. கல்லாவில் நாமே கண்டெடுத்தால் அது நம் அதிர்ஷ்டம். ஆனால் பூக்கார அம்மாள் ஒருவர், "ஐயா, இந்தக் காசு கோணலா இருக்கு, செல்லுமா?" என்று நம்மை நம்பிக் கேட்கும்போது, "செல்லாது, பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று வாங்கிப் பெட்டியில் போடுவது சரியல்ல. "இதற்கு ஒருவேளை கூடுதல் விலை கிடைக்கலாம், பத்திரமாக வைத்திருங்கள், விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்வதே முறை. ஒரு காசில் வரும் லாபத்தைவிட, அந்த அம்மாள் இன்னும் இருபது ஆண்டு நம் கடைக்கே வருவது பெரிய லாபம்.

நினைவில் வைக்க

1. பிழை எங்கே நேர்ந்தது என்பதே முதல் கேள்வி.

2. அச்சு கீறினால் காசில் மேடு. காசு கீறினால் காசில் பள்ளம்.

3. ஆண்டு, காந்தம், அளவு, எடை, பூதக்கண்ணாடி. இந்த வரிசை மாறக் கூடாது.

4. முத்திரைக் குறியும் வடிவ மாற்றமும் பிழை அல்ல. பத்து ரூபாய்க் காசு எல்லா வடிவிலும் செல்லும்.

5. துலக்காதே, தேய்க்காதே, தட்டாதே.

6. விற்ற விலையை விசாரி. விளம்பர விலையை நம்பாதே.

7. விற்பவரிடம் பணம் கேட்பவன் வாங்க வந்தவன் அல்லன்.

இந்தப் பக்கத்தைக் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். கல்லாவில் அதிக நேரம் நிற்பது அவர்கள்தான். கைபேசியில் வரும் ஆசை வார்த்தையும் முதலில் அவர்களுக்குத்தான் வருகிறது. பிழைக் காசு வருவது அபூர்வம், வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் நமக்கு நட்டமில்லை. காசுக்கும் நேர்மைக்கும் நம் மொழி நாணயம் என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறது. முதலாவதில் பிழை இருந்தால் விலை கூடலாம். இரண்டாவதில் பிழை வந்தால் கடையின் விலையே போய்விடும்.